பாதை போகாத ஏரிக்கு எப்படிப் போவது?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: “கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ஜான் மியூர் பாதையின் ஒரு பகுதியை நடந்து முடித்திருக்கிறேன். வரைபடத்தைப் பார்த்தால் பாதைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, எந்தக் கோடும் தொடாத ஏரிகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றுக்குப் போகக் கயிறு வேண்டுமா? தனியே போகலாமா? எங்கிருந்து தொடங்குவது?”

கயிறு வேண்டாம். முதல் சில பயணங்களில் தனியே போகவும் வேண்டாம். எங்கிருந்து தொடங்குவது என்பதற்குத்தான் பதில் நீளமாகிறது. பாதையில் நடக்கும்போது உங்களுக்காக வேறொருவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் நூறு முடிவுகளை, பாதையை விட்டு இறங்கியவுடன் நீங்களே எடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவுகளை எடுக்கத் தேவையான அறிவில் பெரும்பகுதி, அந்த ஏரிகள் எப்படி உண்டாயின என்பதிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சியராவின் உயர்ந்த ஏரிகளில் பெரும்பாலானவை பனியாறுகள் குடைந்த கிண்ணங்கள். மலைமுகட்டின் கீழே தேங்கிய பனி, தன் எடையால் மெல்லச் சுழன்று நகரும்போது அடிப்பாறையை ஆழமாக அரித்தது. கிண்ணத்தின் வாயில், அதாவது பனி வெளியேறிய இடத்தில், அரிப்பு குறைந்து ஒரு பாறை விளிம்பு எஞ்சியது. பனி உருகிப்போனபின் அந்த விளிம்பு அணைபோல் நின்று நீரைத் தேக்கிக்கொண்டது. ஒரே பள்ளத்தாக்கில் இப்படிப் பல கிண்ணங்கள் படிப்படியாக அமைந்து, ஓர் ஓடையில் கோத்த மணிகள்போல ஏரிகள் வரிசையாக இறங்கிவருவதை வரைபடத்திலேயே காணலாம்.

நடப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி மிகவும் நடைமுறையானது. ஒவ்வொரு ஏரிக்கும் கீழே ஒரு படி உண்டு, மேலே ஒரு சுவர் உண்டு. கீழிருந்து ஏறுகிறவருக்குக் கடைசி இருபது அடி வரை ஏரி கண்ணில் படாது. “இதோ வந்துவிட்டது” என்று நினைத்த விளிம்பில் நின்று பார்த்தால் அடுத்த விளிம்பு தெரியும். ஏரியிலிருந்து வழியும் ஓடையைப் பிடித்துக்கொண்டே ஏறினால் ஏரிக்குப் போய்விடலாம் என்று புதியவர்கள் எல்லோரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். ஆனால் ஓடை அந்தப் படியைக் கடப்பது பெரும்பாலும் அருவியாகவோ, இடுப்பளவு வில்லோப் புதர் அடர்ந்த ஈரமான இடுக்காகவோதான் இருக்கும். ஓடைக்கு நூறு, இருநூறு மீட்டர் பக்கவாட்டில், பனியாறு வழவழப்பாக்கி விட்டுப்போன கிரானைட் முதுகுகள் இருக்கும். அவற்றில் ஏறுவது ஏறக்குறைய படிக்கட்டில் ஏறுவதைப் போன்றது. அதே பாறை மழையில் நனைந்தால் எண்ணெய் தடவிய தரையாகிவிடும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

திசையும் முக்கியம். இந்த மலைத்தொடரில் வடக்கு, வடகிழக்கு பார்த்த சரிவுகள் செங்குத்தாகவும், நிலையற்ற கற்கள் நிறைந்தவையாகவும், கோடையின் பிற்பகுதி வரை பனி தங்குபவையாகவும் இருக்கும். தெற்கு பார்த்தவை பெரும்பாலும் சாய்வு குறைந்து மணலும் பாறைத்தளமுமாக இருக்கும். எனவே ஒரு கணவாயின் ஒரு பக்கம் எளிதாக இருந்தது என்பதற்காக மறுபக்கமும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி வரைபடம். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 1:24,000 வரைபடங்களைத்தான் இங்கே எல்லோரும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். கைபேசிச் செயலிகள் காட்டுவதும் பெரும்பாலும் இவற்றின் மறுபதிப்பே. இவற்றில் சமஉயரக் கோடுகளுக்கிடையே பொதுவாக 40 அடி, அதாவது சுமார் 12 மீட்டர் இடைவெளி இருக்கும். இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மூன்று மாடி வீட்டின் உயரமுள்ள செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே முழுமையாக மறைந்துகொள்ளலாம். வரைபடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து என்பது உண்மை. கோடுகள் விலகியிருந்தால் எளிது என்பது உண்மையாக இருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே வரைபடத்தை வைத்து ஒரே ஒரு வழியைத் தீர்மானித்துவிட்டுப் போகாமல், இரண்டு வழிகளையும், எந்த இடத்தில் நின்று எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்பதையும் குறித்துக்கொண்டு போவது நல்லது. முப்பரிமாணச் செயற்கைக்கோள் படங்கள் இதில் பெரிதும் உதவுகின்றன. பனி தங்கும் இடங்களையும் பெருங்கற்குவியல்களையும் முன்கூட்டியே காட்டிவிடும்.

யாரோ ஒருவர் நடந்து பதிவேற்றிய ஜிபிஎஸ் கோட்டைப் பின்பற்றலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். அதைப் பார்க்கலாம், அதன்மேல் நடக்க வேண்டியதில்லை. அந்தக் கோட்டை விட்டுச் சென்றவர் வழி தவறி ஏறி, இறங்கி, திட்டிக்கொண்டே சுற்றி வந்த இடமும் அதில் அதே நீல நிறத்தில்தான் இருக்கும். திரையைப் பார்த்து நடப்பவர், எதிரே கண்ணுக்குத் தெரியும் அகலமான மணற்பாதையை விட்டுவிட்டுக் கோடு சொல்லும் பாறை இடுக்கில் நுழைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடினத்தைக் குறிக்க இங்கே வழங்கும் அளவுகோல், சியரா கிளப் என்ற அமைப்பின் மலையேறிகள் 1930-களில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த வகுப்புமுறையிலிருந்து வளர்ந்தது. முதல் வகுப்பு பாதை நடை. இரண்டாம் வகுப்பில் கரடுமுரடான தரை. சமநிலைக்காக அவ்வப்போது கை ஊன்ற வேண்டியிருக்கும். மூன்றாம் வகுப்பில் கைகளால் பற்றி ஏற வேண்டும். விழுந்தால் அடி பலமாகவே படும். நான்காம் வகுப்பில் பலர் கயிறு கேட்பார்கள், ஐந்தில் எல்லோரும் கேட்பார்கள். தொலைவு ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாம் வகுப்பு வழி ஒன்று இருக்கவே செய்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த இரண்டாம் வகுப்பு வழியிலிருந்து முப்பது மீட்டர் விலகினால் நீங்கள் நான்காம் வகுப்பில் நிற்பீர்கள். அங்கே உங்களைத் தடுக்கப் பலகை எதுவும் இராது.

என் சொந்த அனுபவம் ஒன்று. பெயரில்லாத ஏரி ஒன்றுக்குப் போனேன். இங்கே அத்தகைய ஏரிகளை அவற்றின் உயரத்தாலேயே அழைப்பார்கள். வரைபடத்தில் நீலத்தின் நடுவே அடிக்கணக்கில் ஓர் எண் மட்டும் இருக்கும், அதுவே பெயர். விளிம்பு அருகில் தெரிந்ததால், சுற்றிப் போகச் சோம்பி ஒரு குறுகலான பிளவில் ஏறினேன். ஏறுவது சுலபமாகவே இருந்தது. கண்ணெதிரே பிடி, அடுத்த பிடி. முக்கால்வாசியில் ஒரு பெருங்கல் வழியை அடைத்து நின்றது. திரும்பிப் பார்த்தபோதுதான், ஏறும்போது கண்ணுக்கு நேராக இருந்த கால்பிடிகள் இறங்கும்போது கண்ணுக்கே தெரியாது என்பது புரிந்தது. முதுகுப்பையைக் கழற்றிக் கயிற்றுத் துண்டில் கட்டிக் கீழே இறக்கி, பாறையைப் பார்த்தபடி ஒவ்வொரு காலாகத் துழாவி இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஏறியது பதினைந்து நிமிடம். அன்றிலிருந்து, திரும்பி இறங்க முடியும் என்று தோன்றாத எதிலும் நான் ஏறுவதில்லை.

பாதையில்லா நடையில் நேரத்தைத் தின்பது உயரத்தைவிடக் கற்குவியல்தான். முகட்டிலிருந்து உடைந்து விழுந்த பாறைகள் மலையடியில் குவிந்து கிடப்பதை இங்கே டாலஸ் என்கிறார்கள்; சிறு கற்களும் சரளையுமாக இருந்தால் ஸ்க்ரீ. டாலஸில் ஒரு கல் ஃப்ரிட்ஜ் அளவும் இருக்கும், கார் அளவும் இருக்கும். பெரியது என்பதால் அசையாது என்று நம்பக் கூடாது; மூன்று முனைகளில் ஊன்றி நிற்கும் ஒரு டன் எடையுள்ள கல், ஓர் ஆள் அதன் ஓரத்தில் கால் வைத்தவுடன் முனகிக்கொண்டு சாயும். அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. கற்களின் மேல் கருமையும் பச்சையுமாக, பாசி போன்ற லைக்கன் படிந்திருந்தால் அவை நெடுநாளாக நகரவில்லை என்று ஓரளவு நம்பலாம். வெளுத்துப் புதிதாக இருக்கும் கற்கள் அண்மையில் விழுந்தவை, மேலிருந்து இன்னும் விழக்கூடியவை. காலைக் கல்லின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைக்க வேண்டும். அடுத்த இரண்டு அடிகளை முன்னமே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கைத்தடிகளின் வாரில் மணிக்கட்டை மாட்டக் கூடாது, ஏனெனில் தடி இடுக்கில் சிக்கினால் கையும் சேர்ந்து சிக்கும். செங்குத்தான சரளையில் ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் ஏறாமல் பக்கவாட்டில் விலகியோ, அல்லது கல் உருண்டாலும் வேகம் பிடிக்காதபடி மிக நெருங்கியோ போவது வழக்கம்.

பாதையில் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் நடக்கிறவர் நல்ல பாறைத்தளத்தில் இரண்டு நடப்பார். பெரிய டாலஸில் ஒன்றுகூட நடக்கமாட்டார். வரைபடத்தில் “இரண்டே கிலோமீட்டர்” என்று தெரிவது அரைநாளாக நீள்வது இதனால்தான்.

முதல் பயணத்துக்கு நான் பலருக்கும் சொல்வது பாலிசேட் படுகை. கிழக்கே பிஷப் என்ற ஊரிலிருந்து காரில் சவுத் லேக் வரை போகலாம். அது ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நல்ல பாதை ஒன்று ஒன்பது, பத்து கிலோமீட்டரில் 3,649 மீட்டர் உயரமுள்ள பிஷப் கணவாயைத் தாண்டி டூசி படுகையில் இறங்குகிறது. கணவாயைத் தாண்டியதும் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா. டூசி ஏரிகளுக்குத் தென்கிழக்கே கொலம்பைன் சிகரம் நிற்கிறது. அதன் தெற்குத் தோளில், ஏறத்தாழ 3,560 மீட்டரில் இருப்பது நாப்சாக் கணவாய். பாதை கிடையாது, ஆனால் டூசியின் ஏரிக்கரையில் நின்றாலே கணவாய் தெரியும், வழியெல்லாம் புல்திட்டும் பாறைத்தளமும் ஓரளவு டாலஸும்தான். மறுபக்கம் சற்று இறங்கி, வடகிழக்காகத் திரும்பிப் பாறைத்தளங்களின் வழியே போனால் பாலிசேட் படுகையிலுள்ள பாரெட் ஏரிகள். தலைக்கு நேர்மேலே 4,343 மீட்டர் உயரமுள்ள நார்த் பாலிசேட் நிற்கும். சியராவிலேயே பெரிய பனியாறு அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து அதன் சுவடே தெரியாது.

இதே இடத்துக்குக் கொலம்பைன் சிகரத்தின் வடக்கே தண்டர்போல்ட் கணவாய் வழியாகவும் போகலாம். வரைபடத்தில் அதுதான் நேர்வழி போலத் தோன்றும். அதுவும் இரண்டாம் வகுப்புதான். ஆனால் பெரிய கற்களின்மேல் தாவித் தாவிப் போக வேண்டும். முதல் முறைக்கு வேண்டாம். ஒரே வகுப்பு எண் கொண்ட இரண்டு வழிகள் உடலுக்கு எவ்வளவு வேறுபட்டவை என்பதை அறிய, இரண்டாவது முறை போகும்போது அதை நடந்து பாருங்கள். ஸ்டீவ் ரோப்பர் வகுத்த, சுமார் 314 கிலோமீட்டர் நீளமுள்ள சியரா ஹை ரூட் என்ற நெடுவழியும் இந்தப் படுகையின் ஊடாகத்தான் செல்கிறது. அந்த நெடுவழியின் கணிசமான பகுதி பாதையே இல்லாதது. வேண்டுமென்றே எந்தக் குறியும் இடப்படாதது.

காலம் பற்றி. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை பொதுவாகப் பொருந்தும். ஆனால் ஆண்டுக்காண்டு பனி பெரிதும் மாறும். 2023-ஆம் ஆண்டுபோல் பனி கொட்டித் தீர்த்த ஆண்டுகளில் ஜூலை இறுதியிலும் கணவாய்கள் பனியில் மூழ்கியிருந்தன. கொசு வேண்டாதவர்கள் ஆகஸ்டின் பிற்பகுதியைத் தேர்ந்தெடுப்பார்கள். கோடை மதியங்களில் மேகம் திரண்டு இடி மின்னல் வரும் நாட்கள் உண்டு. மரமே இல்லாத பாறைவெளியில் உயரமான பொருள் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்பதால், கணவாயைக் காலையிலேயே தாண்டிவிட வேண்டும். காலைப் பனி கல்லைப்போல் இறுகியிருக்கும் என்பது இதற்கு எதிரான கணக்கு. பனித்திட்டு செங்குத்தாக இருந்து கையில் பனிக்கோடரி இல்லையென்றால், வெயில் அதை மென்மையாக்கும்வரை காத்திருங்கள், இல்லையேல் திரும்புங்கள்.

பனியில் இன்னொரு ஆபத்து, மேலே உறுதியாகத் தெரிந்து அடியில் ஓடும் நீரால் குடையப்பட்டிருப்பது. ராண்டி மார்கன்சன் என்ற பூங்காக் காவலர் ஏறக்குறைய முப்பது கோடைகளை இதே மலைகளில் கழித்தவர். பாதையில்லாத மூலைகளை அவரைப்போல் அறிந்தவர்கள் மிகச் சிலர். 1996 ஜூலையில் பெஞ்ச் ஏரி நிலையத்திலிருந்து ரோந்து போனவர் திரும்பவில்லை. பெரிய தேடுதல் நடந்தும் கிடைக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2001 ஜூலையில், விண்டோ பீக் ஏரிப் பக்கத்து ஓடைப் பள்ளத்தில் அவருடைய எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. பனி உடைந்து நீரில் விழுந்திருக்கலாம் என்பது பலருடைய ஊகம். ரேடியோவில் அவரிடமிருந்து உதவிக் குரல் எதுவும் வரவில்லை. இன்று செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. ஒன்றை வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். அது பையின் அடியில் கிடக்கக் கூடாது, தோள்வாரில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவரிடம் எந்தக் கணவாய், எந்த ஏரி, எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். கடல்மட்டத்தில் வாழ்கிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவு காரோட்டி வந்து, சனிக்கிழமை 3,600 மீட்டரில் தலைவலியோடு வாந்தி எடுப்பது இங்கே அன்றாடக் காட்சி. தொடக்க இடத்தில் ஓர் இரவு தூங்கிவிட்டு ஏறுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ நடை தள்ளாடினாலோ அன்றே கீழே இறங்கிவிட வேண்டும்.

அனுமதிச் சீட்டு இல்லாமல் இரவு தங்க முடியாது. பிஷப் கணவாய்க்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. முன்பதிவு ஆறு மாதங்களுக்கு முன்பே திறந்து, கோடை வாரயிறுதிகள் விரைவில் தீர்ந்துவிடும். டூசி, பாலிசேட் படுகைகளில் கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் உணவை வைக்க வேண்டும் என்பது கட்டாயம். கிங்ஸ் கேன்யன் பகுதியில் 10,000 அடிக்கு மேல் விறகு மூட்டக் கூடாது. அங்கே மரம் ஒரு விரல் தடிமன் வளரவே பல்லாண்டுகள் ஆகும் என்பதைப் பார்த்தால் காரணம் தானே விளங்கும்.

அந்த ஏரிகளை எப்படி விட்டுவைப்பது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பாதை இல்லாத இடத்தில் நாம் வைக்கும் காலடிதான் பாதையாகிறது. மூன்று பேர் போனால் புல்வெளியில் வரிசையாக நடக்காமல் பரவி நடங்கள். முடிந்தவரை பாறைமேலும் மணல்மேலும் கால் வையுங்கள். கற்களை அடுக்கி அடையாளம் வைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் அடுக்குகளை நம்பவும் செய்யாதீர்கள், அவற்றில் பாதியை வைத்தவர்கள் வழி தவறியவர்கள். கூடாரத்தை நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, மண்ணிலோ பாறையிலோ போடுங்கள். மலம் கழிக்க 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி, அதுவும் நீரிலிருந்து அதே தொலைவில்; காகிதத்தைப் பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நீரை வடிகட்டியே குடியுங்கள்.

ஏரியில் குளிப்பதற்கு முன் உடலில் பூசிய வெயில்காப்புக் களிம்பையும் கொசு மருந்தையும் கரையிலிருந்து தள்ளிப்போய்க் கழுவிவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அந்த நீரில் எஞ்சியிருக்கும் தவளைகள். இந்த உயர்ந்த ஏரிகளில் பெரும்பாலானவற்றில் இயற்கையில் மீனே கிடையாது; அருவிப் படிகளைத் தாண்டி மீன் ஏற முடியாது. தூண்டில்காரர்களுக்காக டிரவுட் மீன்களைக் கோவேறு கழுதைகளின் முதுகிலும், பிறகு விமானத்திலிருந்தும் கொண்டுவந்து கொட்டினார்கள். மஞ்சள்கால் மலைத்தவளையின் தலைப்பிரட்டை முழுத் தவளையாக இங்கே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே குளிர்காலத்தில் அடிவரை உறையாத ஆழமான ஏரிதான் அதற்கு வேண்டும். மீன்களுக்கும் அதே ஏரிதான் வேண்டியிருந்தது. மீன்கள் தின்றது போக எஞ்சியவற்றை ஒரு பூஞ்சை நோய் தாக்கியது. 2014-இல் இந்தத் தவளை அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பூங்காவின் சில ஏரிகளில் வலைபோட்டு மீன்களை முழுவதுமாக அகற்றியபின் தவளைகள் பெருகியிருக்கின்றன. கரையோரம் ஆழமற்ற நீரில் வெயில் காயும் கரிய தலைப்பிரட்டைகளைக் கண்டால் சற்று விலகி உட்கார்ந்து பாருங்கள்.

கடைசியாகப் பயணத் திட்டம். நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேராவது போங்கள். முதல் நாள் பிஷப் கணவாயைத் தாண்டி டூசியில் தங்குங்கள். மாலையில் மறுநாள் ஏறப்போகும் சரிவைக் கரையில் உட்கார்ந்து பார்த்து, எங்கே புல், எங்கே கல், எங்கே பனி என்று மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். இரண்டாம் நாள் விடியலில் நாப்சாக் கணவாய். ஏறும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள், ஏனெனில் அதே நிலம் இறங்கும்போது வேறாகத் தெரியும். கணவாயின் உச்சியில் மறுபக்கம் முழுவதும் பனியாக இருந்தாலோ, உங்களில் ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டாலோ, டூசியின் மேல்மூலையில் பாதையிலிருந்து பத்து நிமிடம் தள்ளியுள்ள பெயரற்ற சிறு ஏரிகளில் ஒன்றன் கரைக்குத் திரும்பிவிடுங்கள். அங்கேயும் சூரியன் மறையும் வேளையில் நார்த் பாலிசேட் செந்நிறமாகும். பாரெட் ஏரிகள்வரை போய்விட்டீர்களானால் அன்றைய பகலையும் இரவையும் அங்கேயே கழித்துவிட்டு, மூன்றாம் நாள் மதியத்துக்குள் வந்த வழியே நாப்சாக்கைத் தாண்டி டூசிக்கு வந்துவிடுங்கள். நான்காம் நாளுக்குப் பாதை மட்டும் மீதியிருக்கட்டும்.